ஸ்டெப்னி இருக்கா?

நவம்பர் கடைசி. நன்றி சொல்லும் நாளுக்காக அமெரிக்கா முழுக்க வான்கோழி வெந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டில் இட்லி. என் அக்கா மகள் தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு லேப்டாப்பில் எக்செல் பக்கத்தைத் திறந்தாள். 14 வரிசை. வரிசைக்கு ஒரு பல்கலைக்கழகம். குறுக்கே பேராசிரியர் பெயர், கெடு, கட்டணம், சிபாரிசுக் கடிதம் போய்ச் சேர்ந்ததா இல்லையா. கடைசிக் கட்டத்தின் தலையில் ‘பேக்கப்’ என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே பதினான்கும் காலி.

நான் நியூஜெர்சியில் ஊராருக்கு வருமான வரிக் கணக்குப் போட்டுக் கொடுத்துப் பிழைப்பவன். காலிக் கட்டத்தைப் பார்த்தால் எனக்குத் தூக்கம் வராது.

“இது என்னம்மா?”

“எங்கயும் கிடைக்கலேன்னா என்ன பண்ணுவேன்னு எழுதணுமாம் மாமா. அட்வைசர் சொன்னார். கிளினிக்கல் சைக்காலஜி பிஎச்.டி.க்கு அப்ளை பண்றவங்க பேக்கப் பிளான் இல்லாம இறங்கவே கூடாதாம்.”

நம் ஊர் லாரி டிரைவர் பாஷையில் சொன்னால், ஸ்டெப்னி. வழியில் பஞ்சர் ஆகும், ஆகவே இன்னொரு டயரைக் கட்டிக்கொண்டு வண்டியை எடு. நல்ல புத்திமதிதான். யார் சொல்கிறார் என்பதில்தான் எனக்கு உறுத்தல். ரோட்டில் ராத்திரி ஆணியைத் தூவிவிட்டு, காலையில் அடுத்த வளைவில் பஞ்சர் கடையைத் திறக்கிற ஆள், ‘தம்பி, ஸ்டெப்னி இருக்கா?’ என்று அக்கறையோடு விசாரித்தால் எப்படி இருக்கும்?

இந்தப் படிப்பின் கதை தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. மனநோய்க்கு மருந்து எழுதுகிறவர் சைக்கியாட்ரிஸ்ட். பேச்சாலும் பயிற்சியாலும் சோதனைகளாலும் வைத்தியம் பார்ப்பவர் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். அமெரிக்க மாநிலங்கள் பெரும்பாலானவற்றில் அந்தப் பெயரைப் பலகையில் எழுதித் தனியாகத் தொழில் நடத்த டாக்டர் பட்டம் வேண்டும். ஐந்தாறு வருடப் படிப்பு, அதற்குள் ஒரு வருட முழுநேர இன்டர்ன்ஷிப், அப்புறம் மேற்பார்வையில் வேலை, அப்புறம் லைசென்ஸ் பரீட்சை. நல்ல பல்கலைக்கழகத்து பிஎச்.டி. என்றால் பெரும்பாலும் கட்டணம் கிடையாது, வயிற்றைக் கழுவ உதவித்தொகையும் உண்டு. அதனால் கூட்டம். ஒரு துறைக்கு நானூறு ஐந்நூறு விண்ணப்பம் வருவது சாதாரணம். எடுப்பது ஆறோ எட்டோ பேர். மருத்துவக் கல்லூரிக்குள் நுழைவதைவிட இது கஷ்டம் என்று துறைக்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். ரேஷன் கடை வரிசை தெருமுனை வரைக்கும் நிற்கிறது என்று கடைக்காரர் மீசையை முறுக்கிக்கொள்வதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கணக்குக்கு வருவோம். 14 இடம், சராசரி 85 டாலர், ஆக 1,190. ஜி.ஆர்.இ. பரீட்சைக்கு 220. அந்த மதிப்பெண்ணைப் பல இடங்களில் இப்போது கேட்பதில்லை. ‘கட்டாயமில்லை, ஆனால் அனுப்பினால் பார்ப்போம்’ என்கிறவர்களும் உண்டு. மொய் வேண்டாம் என்று பத்திரிகையில் அச்சடித்துவிட்டு மண்டப வாசலில் நோட்டோடு உட்காருகிற கதை. அவளும் அனுப்பினாள், அதற்குத் தனிக்காசு. ஐந்நூறு பேர் ஆளுக்கு 85 டாலர் கட்டினால் 42,500 டாலர் ஆகிறது. ஆறு பேரைத் தவிர மற்ற அத்தனை பேரும் ‘வேண்டாம்’ என்ற ஒரு சொல்லை வாங்கக் கொடுத்த காசு அது. எங்கள் ஊர் ஏலச்சீட்டில் இருபது பேர் கட்டினால் இருபது மாதத்தில் இருபது பேருக்கும் முறை வரும். சீட்டுக்காரர் ஓடிப்போனால் போலீசாவது வரும்.

இந்தத் துறையில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வரும் உபதேசம் ஒன்று உண்டு. வேறு எந்த வேலை பார்த்தாலும் சந்தோஷமாக இருப்பேன் என்று உனக்குத் தோன்றினால் அதைப் போய்ப் பார், இங்கே வராதே. ஏவுகணை செய்கிற கம்பெனிக்குப் போகும் பையனிடம் யாரும் இப்படிச் சொல்வதில்லை. போனிலேயே சூதாட வைக்கும் ஆப் எழுதப் போகிறவனுக்குச் சேருகிற அன்றைக்கே போனஸ். மனசு உடைந்தவர்களோடு உட்கார்ந்து பேசுவேன் என்று வருகிற பெண்ணை மட்டும் வாசலில் நிறுத்தி, ‘உனக்கு வேற வழியே இல்லையாம்மா?’ என்று கேட்கிறார்கள். தீ மிதிக்க வருகிறவரிடம்கூடப் பூசாரி இவ்வளவு விசாரிப்பதில்லை.

கேட்பது யார்? பணிநீக்கம் செய்ய முடியாத பதவியில் அமர்ந்திருக்கும் பேராசிரியர். அவருக்கு ஸ்டெப்னியே தேவையில்லை. அவர் வண்டி ஷெட்டுக்குள் நிற்கிறது.

வெளியே ரோட்டில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். போன வருடம் எங்கள் தெருவில் ஒரு பையன், பதினைந்து வயது, பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அறைக்கதவைச் சாத்திக்கொண்டான். தட்டை வாசலில் வைத்தால் ராத்திரி எடுத்துக்கொள்வான். அப்பா அம்மா இரண்டு பேரும் ஷிப்டு வேலை. போன் போடும் பொறுப்பை நான் வாங்கிக்கொண்டேன். அவர்களுடைய இன்சூரன்ஸ் கம்பெனி பத்து மைல் சுற்றளவில் 26 பெயர் கொண்ட பட்டியல் கொடுத்திருந்தது. பார்த்ததும் தைரியம் வந்துவிட்டது. 26 பேர்! விருந்துக்கே ஆள் போதும்.

முதல் நம்பர் பல் ஆஸ்பத்திரி. இரண்டாவது, ‘இந்த எண் உபயோகத்தில் இல்லை.’ மூன்றாவது அம்மையார் மூன்று வருடத்துக்கு முன்பே ஓய்வு பெற்று ஃபுளோரிடா போய்விட்டார். போனை எடுத்தவர் அவருடைய பழைய வாடகை அறையில் இப்போது பிசியோதெரபி நடத்துகிறவர். ஐந்து பேருடைய வாய்ஸ்மெயில் நிரம்பி வழிந்தது. இரண்டு பேர் பெரியவர்களை மட்டும் பார்ப்பார்களாம். ஒருவர் மிகுந்த மரியாதையோடு, “அந்த இன்சூரன்ஸை விட்டு ரெண்டு வருஷம் ஆச்சு சார், கையிலிருந்து கொடுக்கிறதா இருந்தா மணிக்கு 250 டாலர்” என்றார். இப்படியே மூன்று சாயங்காலம். 26இல் ஒரே ஒருவர் தேதி கொடுத்தார். மார்ச் மாதம். நான் பேசிக்கொண்டிருந்தது அக்டோபரில்.

எனக்கு மட்டும் நேர்ந்த துரதிர்ஷ்டமாக்கும் என்று நினைத்தேன். 2023இல் அமெரிக்க செனட்டின் நிதிக்குழு ஊழியர்களே ஆள் யாரென்று சொல்லாமல், ஆறு மாநிலங்களில் முதியோருக்கான மெடிகேர் அட்வான்டேஜ் இன்சூரன்ஸ் பட்டியல்களை வைத்து 120 இடங்களுக்கு போன் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் வீண். ஒன்று ஆளே கிடைக்கவில்லை, கிடைத்தால் புது நோயாளி எடுப்பதில்லை, இல்லை அந்த இன்சூரன்ஸிலேயே இல்லை. இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் கோஸ்ட் நெட்வொர்க். பேய்ப் பட்டியல். பேயாகப் பட்டியலில் இடம்பிடிக்க பிஎச்.டி. வேண்டாம், ஜி.ஆர்.இ. வேண்டாம், ஸ்டெப்னியும் வேண்டாம். உயிருள்ள பெண் உள்ளே வரத்தான் இத்தனையும்.

2022 ஜூலையில் 988 என்ற மூன்று இலக்க உதவி எண் வந்தது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் நாட்டில் எங்கிருந்தும் கூப்பிடலாம். கூப்பிட்டால் எடுக்கிறார்கள், நான் குறை சொல்லமாட்டேன். எத்தனையோ உயிர் அதனால் நிற்கிறது. ஆனால் அந்த ராத்திரி விடிந்த பிறகு போய்ப் பார்க்க ஓர் ஆள் வேண்டுமே. ஆள் இல்லை, ஆள் இல்லை என்று முன்வாசலில் ஒப்பாரி. பின்வாசலில், வேலைக்கு வந்து நிற்கும் ஐந்நூறு பேரைக் கழுத்தில் கை வைத்துத் தள்ளுகிறார்கள். தள்ளும்போது மறக்காமல் காதில் சொல்லி அனுப்புகிறார்கள்: பேக்கப் பிளான் வைத்துக்கொள், மனசை உடைய விடாதே.

இடம் இல்லையே, என்ன செய்வது என்பார்கள். ஒரு பேராசிரியர் வருடத்துக்கு ஒரு மாணவரைத்தான் எடுக்க முடியும். ஆராய்ச்சி நிதி இருந்தால்தான் அந்த ஒருவரும். அது நியாயம்தான். ஆனால் இடம் என்பது மழை மாதிரி வானத்திலிருந்து விழுவதில்லை. 1946இல் இதே நாட்டில், போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் தூக்கத்தில் அலறிக்கொண்டு எழுந்தார்கள். அப்போது யாரும் இளைஞர்களைக் கூப்பிட்டு ஸ்டெப்னி இருக்கிறதா என்று கேட்கவில்லை. ட்ரூமன் தேசிய மனநலச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். முன்னாள் படைவீரர் நலத்துறை பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து, சம்பளம் கொடுத்து கிளினிக்கல் சைக்காலஜிஸ்டுகளைத் தயார் செய்யத் தொடங்கியது. படிப்பு எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்ய 1949இல் கொலராடோவின் போல்டர் நகரத்தில் மாநாடு கூட்டினார்கள். விஞ்ஞானியாகவும் வைத்தியராகவும் ஒரே ஆள் இருக்க வேண்டும் என்று அங்கே வகுத்த இலக்கணம்தான் இன்றுவரை பிஎச்.டி.யின் முதுகெலும்பு. தேவை என்று நினைத்தார்கள், காசை வைத்தார்கள், இடம் வந்தது. இன்றைக்குத் தேவை என்று சொல்கிறார்கள். சொல்வதோடு சரி.

இப்போது பஞ்சர் கடைகளைப் பார்க்கலாம். பேக்கப் என்று அட்வைசர் நீட்டிய காகிதத்தில் இருந்த ஒவ்வொரு வழியும் யாரோ ஒருவருடைய கல்லாப்பெட்டியில் போய் முடிகிறது.

முதல் வழி, இன்னும் ஒரு வருடம் ஆராய்ச்சிக்கூடத்தில் அனுபவம் சேர்ப்பது. என் அக்கா மகள் ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறாள். கல்லூரியில் படிக்கும்போது இரண்டு வருடம் காசில்லாமல். அப்புறம் இரண்டு வருடமாகக் காசு என்று ஒன்று வாங்கிக்கொண்டு. அவள் வேலை என்ன தெரியுமா? தாயும் குழந்தையும் விளையாடும் வீடியோவைப் பார்க்க வேண்டும். பத்து விநாடிக்கு ஒரு தடவை நிறுத்த வேண்டும். தாய் சிரித்தாளா? சிரித்தால் 1, இல்லையென்றால் 0. குழந்தை தாயைப் பார்த்ததா? 1, 0. ஒரு வீடியோவுக்கு மூன்று மணி நேரம். இன்னொரு பெண் அதே வீடியோவைத் தனியாகப் பார்த்து எண் போடுவாள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் முதலிலிருந்து. மனச்சோர்வில் இருக்கும் தாயின் முகத்தைப் பத்துப் பத்து விநாடியாக நானூறு மணி நேரம் பார்த்தவள் அவள். அந்த எண்களை வைத்துப் பேராசிரியர் கட்டுரை எழுதுவார், கட்டுரையைக் காட்டி நிதி வாங்குவார். கட்டுரையின் கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் இவள் பெயர் வரும், எழுத்துப்பிழையோடு.

சம்பளம் எவ்வளவு என்று நான் சொல்லக்கூடாது. அவளுக்கு வரி தாக்கல் செய்கிறவன் நான்தான், தொழில் தர்மம். எடிசனில் ஓக் ட்ரீ ரோட்டில் தோசை ஊற்றுகிறவர் இவளைவிட அதிகம் வாங்குகிறார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். தோசைக்காரர் மேல் எனக்குப் பொறாமை இல்லை, அவர் வேலை சுத்தம். ஆனால் நினைத்துப் பாருங்கள்: நிராகரிக்கப்பட்டவர்கள் வருடா வருடம் ‘இன்னும் ஒரு வருடம்’ என்று திரும்பி வராவிட்டால் இந்த வேலையை அந்தக் கூலிக்கு யார் செய்வார்கள்? எல்லாரையும் சேர்த்துக்கொண்டால் லேப் படுத்துவிடும்.

இரண்டாவது வழி, சை.டி. ஆராய்ச்சியைக் குறைத்து வைத்தியப் பயிற்சியைக் கூட்டிய டாக்டர் பட்டம். 1973இல் வேல் நகரத்தில் கூடிய மாநாடு இதற்குப் பச்சைக்கொடி காட்டியது. யோசனையில் தப்பே இல்லை. எங்கள் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்திலேயே 1974இலிருந்து இதற்கென்று தனிப் பள்ளி இருக்கிறது, தரமான இடம், நுழைவதும் லேசில்லை. நான் சொல்வது அதை அல்ல. வாசலை அகலமாகத் திறந்து வைத்து, உள்ளே வந்ததும் வருடத்துக்கு நாற்பதாயிரம் ஐம்பதாயிரம் டாலர் கட்டு என்று சொல்கிற கடைகளை. பிஎச்.டி. துறை கதவைச் சாத்துகிற மாதத்தில் இவர்களிடமிருந்து மின்னஞ்சல் வரும், சொந்த அத்தை மாதிரி: உன் கனவை நாங்கள் புரிந்துகொள்கிறோம். ஐந்து வருடம் முடியும்போது கனவின் விலை இரண்டு லட்சம் டாலருக்கு மேல்.

ஆர்கோசி பல்கலைக்கழகம் என்று ஒன்று இருந்தது. பல ஊர்களில் கிளை, நூற்றுக்கணக்கில் கிளினிக்கல் சைக்காலஜி மாணவர்கள். 2017இல் லாப நோக்குக் கம்பெனியிடமிருந்து ஒரு கிறிஸ்தவத் தொண்டு நிறுவனம் அதை வாங்கியது. 2019 ஜனவரியில் நீதிமன்றம் நியமித்த நிர்வாகியின் கைக்குப் போனது. மாணவர்கள் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் வாங்கிய அரசுக் கடனில் 1.3 கோடி டாலருக்கு மேல் அவர்கள் கைக்கு வந்து சேரவில்லை. நிறுவனத்தின் வேறு செலவுகளுக்குப் போய்விட்டது. பிப்ரவரிக் கடைசியில் கல்வித் துறை உதவியை நிறுத்தியது. மார்ச்சில் பூட்டு. ஆய்வேட்டை முக்கால்வாசி எழுதி முடித்தவர்கள், இன்டர்ன்ஷிப் போக மூட்டை கட்டியவர்கள், வீட்டுக்காரருக்கு வாடகை பாக்கி வைத்தவர்கள் எல்லாரும் ஒரே வாரத்தில் தெருவில். சீட்டுக்காரர் ஓடிப்போனால் போலீஸ் வரும் என்று சற்று முன்னால் எழுதினேன். அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

மூன்றாவது, எம்.எஸ்.டபிள்யூ. இரண்டு வருட சோஷியல் ஒர்க் படிப்பு. லைசென்ஸ் வாங்கினால் சிகிச்சை செய்யலாம். நியாயமான வழி, நானே சிபாரிசு செய்வேன். எனக்குக் கோபம் அதை ஸ்டெப்னி என்று அழைப்பதில்தான். 1889இல் சிகாகோவின் ஏழைத் தெருவில் ஹல் ஹவுஸை ஆரம்பித்த ஜேன் ஆடம்ஸ் முன்னால் நடந்த பாதை அது; அவருக்கு 1931இல் அமைதி நோபல். ஒருவர் முதல் ஆசையாக நேசிக்கிற தொழிலை இன்னொருவருக்கு டிக்கியில் கிடக்கிற டயராகக் காட்டுகிறார்கள். சரி, அங்கேயாவது மரியாதை உண்டா? பட்டம் வாங்கக் குறைந்தது 900 மணி நேரம் களப்பணி. பெரும்பாலும் சம்பளம் இல்லை. அந்த 900 மணி நேரத்துக்கும் சேர்த்துத்தான் கல்லூரி கட்டணம் வாங்குகிறது. வேலை செய்வதற்கு வேலைக்காரர் காசு கட்டும் ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவருக்கு ஏன் இன்னும் பொருளாதார நோபல் கொடுக்கவில்லை என்று எனக்குப் புரியவில்லை.

நாலாவது ஸ்டெப்னி எங்கள் வீட்டிலேயே தயாரானது. அத்தான், அதாவது அவள் அப்பா, சேலத்துக்காரர், சாஃப்ட்வேர். மகள் சைக்காலஜி என்று சொன்ன அன்று, “பைத்தியக்காரங்களுக்கு வைத்தியம் பார்க்கவா உன்னை இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தேன்?” என்று கேட்டவர். இப்போது திருந்திவிட்டார், அவளுக்கு ஸ்டாடிஸ்டிக்ஸ் நன்றாக வரும் என்று கண்டுபிடித்து, டேட்டா சயன்ஸ் போகச் சொல்கிறார். அக்காவின் பேக்கப் பிளான் ஜாதகக்கட்டு. ஆனால் இவர்களைக் கிண்டல் செய்யும்போதே என் நாக்கு கொஞ்சம் தடுமாறுகிறது. ஏனென்றால் அவள் நான்கு வருடம் காசில்லாமலும் அந்தக் கூலிக்கும் அந்த வீடியோக்களைப் பார்க்க முடிந்ததே அத்தான் வீட்டு பேஸ்மென்டில் வாடகையில்லாமல் இருந்ததால்தான். பேக்கப் பிளான் என்று இவர்கள் கேட்பதன் நேரடி அர்த்தம், உன் அப்பா வீடு எவ்வளவு பெரியது என்பதுதான். அவளோடு லேபில் இருந்த இன்னொரு பெண், இவளைவிடக் கெட்டிக்காரி, ஒரு வருடத்தில் விலகி வங்கியில் சேர்ந்துவிட்டாள். அவள் அம்மாவுக்கு பேஸ்மென்ட் இல்லை.

சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் இதற்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் எனக்கு போன் போடுவார்கள், மாமாவின் சிநேகிதர் மகன், இன்னார் பேத்தி என்று. அவர்களுக்கு இன்னொரு ஆணி கூடுதல். சைக்காலஜிஸ்டுகளை இன்றைக்கும் அதிகம் பயிற்றுவிப்பது அதே முன்னாள் படைவீரர் நலத்துறைதான். அங்கே இன்டர்ன்ஷிப்புக்கு அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். ஐந்து வருடம் படித்துவிட்டு வாசலில்தான் இது பலருக்குத் தெரிய வருகிறது. அவர்களுடைய ஸ்டெப்னி பாட்டி பேரில் இருக்கும் ஒன்றரை ஏக்கர்.

இதெல்லாம் போதாதென்று 2025 வந்தது. தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் ஆராய்ச்சி நிதி நூற்றுக்கணக்கில் ரத்தானது. பல பல்கலைக்கழகங்கள் பிஎச்.டி. இடங்களைக் குறைத்தன, சில துறைகள் ஆளே எடுக்கவில்லை. அவளுடைய 14 வரிசையில் இரண்டு பேராசிரியர்களின் பக்கம், இவள் பணம் கட்டிய பிறகு ‘இந்த ஆண்டு மாணவர் எடுக்கவில்லை’ என்று மாறியது. ஜூலையில் கையெழுத்தான சட்டத்தில் மேற்படிப்புக்கான கிராட் பிளஸ் கடனை 2026 ஜூலை 1 முதல் புதிதாக வருகிறவர்களுக்கு மூடிவிட்டார்கள். சாதாரண மேற்படிப்புக்கு மொத்தம் ஒரு லட்சம் டாலர், தொழிற்படிப்புக்கு இரண்டு லட்சம், அதற்கு மேல் தனியார் வங்கியின் வட்டிக்குப் போ. எது தொழிற்படிப்பு? கல்வித் துறை தீட்டிய வரைவில் முதுகெலும்பைச் சொடுக்கெடுக்கும் சிரோபிராக்டிக் உண்டு, இறையியல் உண்டு, கிளினிக்கல் சைக்காலஜிகூடக் கடைசியில் நுழைந்துவிட்டது. நர்சிங் இல்லை, சோஷியல் ஒர்க் இல்லை. ஆக, ஸ்டெப்னி என்று காட்டிய டயரிலும் காற்றைப் பிடுங்கியாயிற்று. கடனைக் குறைத்தது நல்லதுதானே என்று என் வாடிக்கையாளர் ஒருவர் கேட்டார். கட்டணத்தைக் குறைத்துவிட்டு அதைச் செய்திருந்தால் நானும் கைதட்டியிருப்பேன்.

பிப்ரவரியில் அவளுக்கு இரண்டு இடத்தில் நேர்முகம். 14இல் இரண்டு என்பது நல்ல கணக்கு என்றார்கள். ஒன்றில் கடைசிக் கேள்வி: “இந்த முறை கிடைக்காவிட்டால் என்ன செய்வீர்கள்?” சோஷியல் ஒர்க் போவேன் என்றால் ஈடுபாடு போதாது. தெரியாது என்றால் திட்டமிடத் தெரியாது. சரியான பதிலை முன்கூட்டியே எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்: மறுபடியும் விண்ணப்பிப்பேன். அவளும் அதையே சொன்னாள். கேட்டவர் தலையை ஆட்டி, சிரித்து, ஏதோ குறித்துக்கொண்டாராம். 1 போட்டிருப்பார்.

மார்ச்சில் ஒரு கடிதம். நிராகரிப்பு இல்லை, சேர்க்கையும் இல்லை. நீங்கள் எங்கள் மாற்றுப் பட்டியலில் இருக்கிறீர்கள். அதாவது அவர்கள் முதலில் விரும்பியவர் வேறு இடத்துக்குப் போய்விட்டால் இவள். ஏப்ரல் 15 வரைக்கும் அந்த முதல் ஆள் யோசிக்கலாம், அது நாடு முழுக்க உள்ள ஏற்பாடு. அதுவரை இவள் போனைத் தலைமாட்டில் வைத்துத் தூங்க வேண்டும். கடிதத்தை இரண்டு தடவை படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பேக்கப் பிளான் வைத்துக்கொள் என்று நவம்பரிலிருந்து இவளுக்குப் பாடம் நடத்தியவர்கள், தங்களுக்கு இவளையே பேக்கப்பாக டிக்கியில் போட்டு மூடி வைத்திருக்கிறார்கள்.

ஏப்ரல் 15 எனக்கும் பெரிய நாள். வரி தாக்கல் கெடு. ராத்திரி ஏழு மணிக்கு இன்னும் மூன்று பேருடைய ரிட்டர்ன் பாக்கி. அவள் லேபிலிருந்து நேராக வந்து என் எதிரே உட்கார்ந்தாள். சாப்பிடச் சொன்னேன், வேண்டாம் என்றாள். நான் எண்களைத் தட்டிக்கொண்டிருந்தேன், அவள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழே முக்காலுக்கு அது சிணுங்கியது.

மாற்றுப் பட்டியல் மூடப்பட்டது. இந்த ஆண்டு அசாதாரணத் திறமைசாலிகள் விண்ணப்பித்திருந்ததால் முடிவெடுப்பது கடினமாக இருந்தது. அது முதல் பத்தி. இரண்டாவது பத்தியில் ஒரு நற்செய்தி. உங்கள் விண்ணப்பம் எங்களை மிகவும் கவர்ந்ததால், எங்கள் பல்கலைக்கழகத்தின் ஓராண்டு முதுகலைப் படிப்புக்கு, நீங்கள் கேட்காமலேயே, உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். உதவித்தொகை கிடையாது. கட்டணம் 48,000 டாலர். அடுத்த முறை டாக்டர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கும்போது இது உங்களை வலுவாக்கும். இடத்தை உறுதிசெய்ய ஏழு நாளுக்குள் 500 டாலர் முன்பணம். திருப்பித் தரப்பட மாட்டாது.

அவள் அழவில்லை. லேப்டாப்பைத் திறந்தாள். அந்தப் பழைய எக்செல் பக்கம், 14 வரிசை, பதின்மூன்று சிவப்பு. கர்சரைப் பதினான்காவது வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

“மாமா, இந்த ஐந்நூறை எங்க போடறது? செலவுக் கட்டத்துலயா, பேக்கப் கட்டத்துலயா?”